மணப்பெண்ணின் முகமும் ஓடும் பெயர்களும்

கன்ட்ரோல் ரூமில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதை எல்லாம் நீங்கள் கல்லூரியிலேயே படித்துவிட்டு வருகிறீர்கள். அன்றைக்கு உங்களில் ஒருவர் என்னிடம், "மேடம், ஒரு சேனலுக்கு எவ்வளவு பிட்ரேட் கொடுத்தா போதும்?" என்று கேட்டார். படத்தை அனுப்ப எவ்வளவு இடம் ஒதுக்குவது என்பதுதான் கேள்வி. "யாரு பார்க்கறாங்க?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். நான் கிண்டல் செய்வதாக நினைத்திருப்பார். எனக்குக் கிண்டல் நிறைய வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கிண்டல் இல்லை. அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு கல்யாணம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1993-இல் விழுப்புரத்தில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அந்தக் காலத்தில் படம் கெட்டால் யோக்கியமாகக் கெடும். முதலில் லேசாகப் புள்ளி விழும், அப்புறம் மழை பெய்யும், அப்புறம் ஒருவர் இருவராகத் தெரிவார். வாடிக்கையாளர் பெட்டியின் தலையில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, அதுவும் பலிக்காமல் போனால்தான் எங்களிடம் வருவார். டிஜிட்டல் வந்த பிறகு அந்த யோக்கியதை போய்விட்டது. பளிங்கு மாதிரி இருக்கும் படம், நாம் கண் சிமிட்டுவதற்குள் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அதுவும் எப்போது உடையும்? நாம் எதைப் பார்க்கக் காத்திருக்கிறோமோ, சரியாக அந்த நேரத்தில் உடையும்.

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் என் பாணியில் ஒரு முறை கேளுங்கள். படத்தைச் சுருக்கி அனுப்பும் என்கோடர் ஒரு சோம்பேறி. முந்தின படத்தில் இருந்தது அப்படியே இருந்தால், "அதேதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடும். எது மாறுகிறதோ அதற்குத்தான் உழைக்கும். அதன் கையில் இருப்பது ஒரே ஒரு வாளி சாம்பார். இலை கொஞ்சமாக இருந்தால் எல்லோருக்கும் தாராளமாக ஊற்றும். திடீரென்று பந்தி நிறைந்துவிட்டால் எல்லா இலைக்கும் அரைக் கரண்டிதான். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் அப்பா இலை எது, வழிப்போக்கன் இலை எது என்று அந்த வாளிக்குத் தெரியாது.

விசிடி காலத்தில் முகையூரிலிருந்து ஒரு விவசாயி வந்தார். பெண்ணின் நிச்சயதார்த்தத்தை எங்கள் கடைதான் வீடியோ எடுத்துக் கொடுத்திருந்தது. பட்டாளத்தில் இருக்கும் மகனுக்கு அனுப்பப் போகிறேன், அப்படியே நம் வேர்க்கடலைக் கொல்லையையும் எடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டதால் எடுத்த வீடியோ. ஒரே டிஸ்க்கில் எல்லாவற்றையும் அமுக்கித் திணித்துக் கொடுத்திருந்தார்கள். அதுதான் அன்றைய வழக்கம்; இரண்டு டிஸ்க் கொடுத்தால் வாடிக்கையாளர் ஏமாற்றுவதாக நினைப்பார். அவர் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"மல்லாட்டைச் செடிய மாடு மேஞ்சி துப்புன மாதிரி கீது. இத்த அனுப்பினா எம் பையன் சிரிப்பான். அவன் கையால வெதச்ச கொல்ல அது."

காற்றில் ஒவ்வொரு இலையும் ஆடினால் வாளி என்ன செய்யும்? பச்சைக் கூழ்தான் ஊற்றும். கடை முதலாளி புது டெக்னாலஜி என்றெல்லாம் வாதாடினார். நான் மறுநாள் காற்று எழும்பாத காலை நேரத்தில் முகையூர் போய், கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, கொல்லை முழுவதையும் விட்டுவிட்டு, வரப்போரம் இருந்த நாலைந்து செடிகளை மட்டும் கிட்டத்தில் எடுத்து வந்தேன். இலையின் நரம்பு தெரிந்தது. அவர் பார்த்துவிட்டு, "இது எங்குது, எங்க செடிதான்" என்றார். எனக்கு அன்று சோறே வேண்டாம்போல இருந்தது.

இனிக் கல்யாணத்துக்கு வருகிறேன்.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு கேபிள் நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமுக்குப் பொறுப்பாக இருந்தேன். செட்டாப் பாக்ஸ் எங்கள் பக்கம் வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. எங்களுக்கு ஓர் உள்ளூர் சேனல் உண்டு. நகைக்கடை விளம்பரம், பள்ளிக்கூட அட்மிஷன், கண் பரிசோதனை முகாம் என்று அசையாத அட்டைகள்தான் நாள் முழுவதும் வரும். அசையாத படத்துக்கு எதற்கு இடம் என்று, இருக்கிற சேனல்களிலேயே மிகச் சிறிய பங்கை அதற்கு ஒதுக்கியிருந்தோம். ஆனால் ஊர்க் கல்யாணங்களின் நேரடி ஒளிபரப்பும் அதே சேனலில்தான்.

கல்யாண ஒளிபரப்புக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம். படத்தைச் சுற்றி மினுக்கு மினுக்கென்று நட்சத்திரங்கள் மின்னும் ஒரு சட்டம் போட வேண்டும். அடியில் "மணமக்களை வாழ்த்துபவர்கள்" என்று சொந்தக்காரர்களின் பெயர்கள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தாய்மாமன், சித்தப்பா, ரைஸ்மில் ஓனர், முன்னாள் கவுன்சிலர், அவர் மச்சான். கல்யாணத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, தன் பெயர் வருகிறதா என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பார்கள். வராவிட்டால் அதோடு உறவு முறிந்தது.

ஒரு நாள் லூர்துசாமி என்பவர் அலுவலகத்துக்கு வந்தார். அக்கா மகள் ரீத்தாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற முறையில் அவர்தான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறார். ஒளிபரப்புக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்திருந்தார். வந்தவரின் முகம் சரியாக இல்லை.

"பேஜாரா பூடிச்சி மேடம். அக்காவுக்கு அம்மை போட்டுடிச்சி."

"ஐயையோ. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாமே?"

"எப்டி மேடம் தள்றது? புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் வந்துட்டா கோயில்ல கல்யாணம் கெடையாது. ஈஸ்டர் வரைக்கும் நின்னா மாப்ளைக்குக் குவைத்துல லீவு முடிஞ்சிடும். அக்காவே சொல்லிடிச்சி, நான் வரல, சின்னப் புள்ளைங்கல்லாம் வரும், எங்கிட்டருந்து ஒட்டிக்கினா பாவம், நீங்க நடத்துங்கன்னு."

அக்கா பெயர் அந்தோணியம்மாள். கிளியனூரில் சத்துணவு அமைப்பாளர். ரீத்தா கைக்குழந்தையாக இருந்தபோதே கணவர் இறந்துவிட்டார். ஒரே மகளை ஆளாக்கி, படிக்க வைத்து, அந்தக் கல்யாண நாளில் கோயிலுக்கு வர முடியாமல் வீட்டில் படுத்திருக்கப் போகிறார். கையில் இருப்பது பட்டன் போன். அவருக்கு எங்கள் சேனலை விட்டால் வேறு வழியில்லை.

"அது கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் மேடம்" என்றார் லூர்துசாமி. "எம் பொண்ணுக்குத் தாலி ஏறச்சொல்ல அவ மூஞ்சிய நான் பார்க்கணும்னுது."

செட்டாப் பாக்ஸ் மாட்ட அந்த வீட்டுக்குள் போக எங்கள் ஆட்கள் தயங்கினார்கள். எனக்குப் பள்ளிக்கூட வயதிலேயே அம்மை வந்து போய்விட்டது. அதனால் நானே போனேன். வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளே பாயில் படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து, "கிட்ட வராதீங்கம்மா" என்றார். கூடத்தின் மறுகோடியில் ஒரு பழைய பிக்சர் டியூப் டிவி. பாக்ஸை மாட்டிவிட்டு, கோயிலில் இருந்த எங்கள் கேமராமேன் ஏழுமலையைப் போனில் பிடித்தேன். மறுநாள் கல்யாணத்துக்கு அங்கே ஒத்திகையும் எங்கள் சோதனை ஒளிபரப்பும் நடந்துகொண்டிருந்தன. ரீத்தாவும் வந்திருந்தாள்.

"ஏழுமலை, பொண்ணைக் காட்டு."

படம் வந்தது. பீடம் அழகாகத் தெரிந்தது. நட்சத்திரங்கள் அழகாக மின்னின. பெயர்கள் அழகாக ஓடின. ரீத்தா நடந்து வந்தாள். அவள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாநிறத்தில் சில கட்டங்கள் இருந்தன. அந்தோணியம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"இது ரீத்தாவாம்மா? கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியலியே." பிறகு அவரே மெதுவாகச் சொன்னார்: "ஜொரத்துல எனக்குத்தான் கண்ணு மங்கிக்கினு கீதோ இன்னாவோ."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. அவர் மேல் இல்லை, எங்கள் மேல். தப்பு நம்முடைய பெட்டியில் இருக்கும்போது பார்க்கிறவர் தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார். பிள்ளைகளே, இதைவிடப் பெரிய அவமானம் நம் தொழிலில் கிடையாது. "உங்க கண்ணு நல்லா இருக்கும்மா. நாளைக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொல்லிவிட்டேனே தவிர, எப்படி என்று அப்போது எனக்கே தெரியாது.

கன்ட்ரோல் ரூமுக்கு வந்து பார்த்தால், மானிட்டரில் படம் தங்கமாக இருந்தது. அந்த மானிட்டரின் வயர் என்கோடருக்கு முன்னாலிருந்து வந்தது. அதாவது சுருக்காத படத்தைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் இத்தனை நாள் திருப்தியாக இருந்திருக்கிறோம். உடனே ஒரு செட்டாப் பாக்ஸையும் ஒரு சாதாரண டிவியையும் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். அதில் பார்த்தால் கிளியனூரில் பார்த்த அதே கட்டங்கள்.

முதலில் எல்லோருக்கும் தோன்றியது, பக்கத்து சேனல்களின் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுக்கலாம் என்பது. பக்கத்தில் இருந்தது விளையாட்டுச் சேனல். மறுநாள் இந்தியா ஆடும் மேட்ச். அதில் பந்து கட்டமாகத் தெரிந்தால் திண்டிவனமே திரண்டு எங்கள் வாசலுக்கு வந்துவிடும். அதனால் எங்களுக்கு இருக்கிற வாளிக்குள்ளேயே பார்க்க வேண்டும். படத்தின் நுணுக்கத்தை அகலவாக்கில் பாதியாகக் குறைத்தேன். அந்தப் பழைய டிவிக்கு அது போதும். அடுத்து ஏழுமலையைப் போனில் கூப்பிட்டு, கேமராவில் ஷார்ப்னஸைக் குறைக்கச் சொன்னேன். அவன் துடித்துப்போனான்.

"மொழுக்குனு பூடும்க்கா. என் பேரே கெட்டுடும்."

"பொடவைக்கரையில ஒவ்வொரு ஜரிகையையும் கத்தி மாதிரி காட்றியே, அத்தனைக்கும் அந்தப் பெட்டி உழைக்குது. மூஞ்சிக்கு வரும்போது அதுக்குத் தெம்பு இல்ல. நாளைக்கு நீ கேமராவ ஆட்டவே கூடாது. ஸ்டாண்டுல வெச்சி, பீடத்துக்குப் பக்கத்துலருந்து பொண்ணு மூஞ்சி. அவ்வளவுதான்."

இத்தனைக்குப் பிறகும் முகம் பாதிதான் தேறியது. மீதி எங்கே போகிறது என்று பார்த்தால், நட்சத்திரங்களும் ஓடும் பெயர்களும்தான் விழுங்கிக்கொண்டிருந்தன. ஓயாமல் மின்னுவதும், ஓயாமல் ஓடும் கூர்மையான எழுத்தும் வாளியின் அடிவரை வழித்துவிடும். லூர்துசாமிக்குப் போன் செய்தேன். நட்சத்திரத்தை எடுத்துவிடச் சம்மதித்தார். பெயர்களைப் பற்றிப் பேச்செடுத்ததும் குரல் மாறிவிட்டது.

"அது மட்டும் முடியாது மேடம். பேரு ஓடலன்னா நாளைக்கி ஒருத்தன் எங்க வீட்டு வாசல மிதிக்கமாட்டான். மாப்ள வூட்டுல மாமனாருங்க, பெரியவங்க கீறாங்க. நான் வாக்கு குடுத்துட்டேன்."

எங்கள் முதலாளியும் அவர் பக்கம்தான். பெயர்களுக்காகத்தான் ஆர்டரே என்றார். நான் தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

மறுநாள் காலை. ஒரு பக்கம் சுருக்காத மானிட்டர், ஒரு பக்கம் செட்டாப் பாக்ஸ் டிவி, நடுவில் நான். பெயர்களை ஓட்டும் கம்ப்யூட்டரின் கீபோர்டு என் கைக்கெட்டும் தூரத்தில். ஏழுமலையின் காதில் இயர்போன். இன்னொரு போனில் கிளியனூர். அந்தோணியம்மாள் மறுமுனையில் இருந்தார். பாட்டு, வாசகம், பிரசங்கம் எல்லாம் ஓரளவு நன்றாகவே போயின. பங்குச் சாமியார் தாலியை மந்திரித்ததும் நிலைமை மாறியது. போட்டோக்காரர்கள் நெருங்கினார்கள். ஒவ்வொரு பிளாஷ் வெளிச்சத்துக்கும் படம் முழுவதும் ஒரு கணம் வெள்ளையாகித் திரும்பியது. என்கோடர் ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தது. சிலர் பூவைத் தூவத் தயாராக எழுந்து நின்றார்கள். டிவியில் ரீத்தாவின் முகம் கரைய ஆரம்பித்தது.

போனில் அந்தோணியம்மாளின் குரல் கேட்டது. "கட்டம் வந்துக்கினே கீதும்மா. அவ எங்க? தாலி கட்டியாச்சா?"

இதோ பாருங்கள், இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். இடம் போதாதபோது ஏதாவது ஒன்றை இழந்தே ஆக வேண்டும். எதை இழப்பது என்று நீங்கள் முடிவு செய்யாவிட்டால் பெட்டி முடிவு செய்யும். பெட்டிக்கு எழுத்தும் முகமும் ஒன்றுதான். அதற்குத் தாய் கிடையாது. அந்த முடிவை எடுக்கத்தான் நம்மை அங்கே நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் பெயர்களை நிறுத்தினேன். ஒரே பொத்தான். மாப்பிள்ளையின் தாய்மாமன் பெயர் பாதி வந்திருந்தது, அப்படியே மறைந்தது.

"ஏழுமலை, ஆடாத. மூச்சுகூட விடாத."

"தாலி கட்ற கைய காட்டட்டுமாக்கா?"

"மூஞ்சி. மூஞ்சி மட்டும்."

அவன் கை எவ்வளவு அரித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அசையவில்லை. டிவியில் கட்டங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. புருவம் வந்தது. மூக்குத்தி வந்தது. தலையில் போட்ட வலைத் துணிக்குக் கீழே நெற்றியில் முத்து முத்தாக வியர்வை வந்தது. கோயில் மணி அடித்தது, மாப்பிள்ளை தாலியைக் கழுத்தில் வைத்தார், பின்னால் நாத்தனார் முடிச்சுப் போட்டாள், பூ விழுந்தது. பூ கட்டமாகத்தான் விழுந்தது, விழட்டும். ரீத்தா குனிந்திருந்தவள் தலையை நிமிர்த்தி நேராகக் கேமராவைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தமில்லாமல், "அம்மா" என்றாள்.

மானிட்டரில் முதலில் பார்த்துவிட்டு, டிவி பக்கம் திரும்பினேன். சுருக்கி விரித்து வருவதற்குச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடியில் நான் எத்தனை தெய்வத்தைக் கூப்பிட்டேனோ தெரியாது. வந்தது. உதடு தெளிவாகத் தெரிந்தது. பிறகு போனில் கிளியனூரிலிருந்து, மிக மெதுவாக, "இன்னாடி கண்ணு" என்ற பதில் கேட்டது. அவர் என்னிடம் பேசவில்லை. நான் நாற்காலியிலிருந்து எழுந்து சின்னப் பிள்ளை மாதிரி குதித்தேன். பார்த்தவர்கள் இந்தியா விக்கெட் எடுத்துவிட்டதோ என்று கேட்டார்கள்.

பூசை முடிந்ததும் பெயர்களை மறுபடி ஓடவிட்டேன். ஆனால் நடந்தது நடந்துவிட்டது. போன்கள் அடிக்கத் தொடங்கின. மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருக்கும்போதே லூர்துசாமி பட்டுச் சட்டையோடு எங்கள் அலுவலகத்துக்குள் வந்துவிட்டார்.

"இன்னா மேடம் இப்டி பண்ணிட்டீங்க? மாப்ளையோட மாமன் பேரு பாதியில அறுந்து போச்சாம். அவரு வூட்டுல பார்த்துக்கினு இருந்தவங்க போன் போட்டு சொல்லிட்டாங்க. கை நனைக்காம போறேன்றாரு. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க நிக்கறது?"

"நான்தான் நிறுத்துனேன். தெரிஞ்சேதான் நிறுத்துனேன். அந்த நேரத்துல ரீத்தா ஒண்ணு சொன்னா. நீங்க பார்த்தீங்களா?"

"ரீத்தாவா? அவ ஒண்ணும் சொல்லல. நான் அவ பின்னாலதானே நின்னுக்கினு இருந்தேன்."

"அதனாலதான் உங்களுக்குத் தெரியல. கோயில்ல யாருக்குமே தெரியல. உங்க அக்காவுக்குத் தெரியும், கேளுங்க."

அவர் நம்பாமல் அக்காவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. லூர்துசாமி, "எப்ப? எப்பக்கா?" என்று மட்டும் கேட்டார். போனை வைத்துவிட்டு, "போட்டுக் காட்றீங்களா?" என்றார்.

செட்டாப் பாக்ஸ் வழியாக வந்ததைத்தான் பதிவு செய்திருந்தோம். அதைப் போட்டேன். பெயர்கள் ஓடின; அவர் கண் தானாக அடியில் போயிற்று. பெயர்கள் மறைந்தன. கட்டங்கள் அடங்கின. ரீத்தா நிமிர்ந்து, உதடு அசைத்தாள். அவர் மறுபடி போடச் சொன்னார். இந்த முறை படத்தின் அடிப்பக்கம் பார்க்கவே இல்லை. பட்டுச் சட்டைக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் போன் அடித்தது. மண்டபத்திலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வர்றேன், வர்றேன். அந்த மாமன ஒக்கார வைங்க, நானே வந்து கையப் புடிச்சி கூட்டிக்கினு போய்ப் பந்தியில குந்த வைக்கிறேன்" என்று சொல்லி வைத்தார்.

கதவு வரை போனவர் திரும்பினார்.

"மேடம், கல்யாண டிஸ்க்கு போடறப்ப, அந்த எடத்துல யார் பேரும் ஓட வேணாம். எம் பேரும் வேணாம்."